வைட்டமின்களின் அமைப்பை ஒப்பிடுவது எப்படி? குழம்புச் சட்டியில் தொடங்குங்கள்

ராமநாதபுரம் குண்டு மிளகாய் அரைத்து ஊற்றிய சாளைக் குழம்பு கொதித்து அடங்கியதும், சிவப்பு நிறம் எண்ணெயோடு மேலே மிதக்கும். புளித்தண்ணீர் கீழே நிற்கும். அந்தச் சிவப்பின் பெயர் கேப்சாந்தின். 40 கார்பனுக்கு மூன்றே ஆக்சிஜன், அதனால்தான் எண்ணெயோடு போகிறது. வைட்டமின்களுக்கும் இதே கணக்குத்தான்.

மூலக்கூறைப் பென்சிலால் கோட்டுப்படமாக வரையுங்கள். எழுத்து போடாத ஒவ்வொரு முனையும் மடிப்பும் ஒரு கார்பன். ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் சிவப்பு மையில் எழுதி, கார்பன் எண்ணிக்கையைச் சிவப்பு எழுத்துகளின் எண்ணிக்கையால் வகுங்கள். வைட்டமின் ஏ (ரெட்டினால்) 20, டி3 27, ஈ 14.5, இவை எண்ணெயில் கரைபவை. வைட்டமின் சி வெறும் 1, நீரில் கரையும். பி2 மட்டும் ஏமாற்றும்: 17 கார்பனுக்கு 10 சிவப்பு எழுத்து, ஆனாலும் நீரில் கொஞ்சம்தான் கரையும். ஒட்டிய மூன்று தட்டை வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இறுகிவிடுகின்றன.

அடுத்து சரிபார்ப்பு. இதைத் தவிர்க்கவே கூடாது. மூலக்கூறின் வாய்பாட்டில் உள்ள கார்பனை இரட்டித்து 2 கூட்டுங்கள். நைட்ரஜன் இருந்தால் அதையும் கூட்டி, ஹைட்ரஜனைக் கழித்துப் பாதியாக்குங்கள். வருவது வளையங்கள், இரட்டைப் பிணைப்புகள் இரண்டின் கூட்டுத்தொகை. ரெட்டினாலுக்கு 20 கார்பன், 30 ஹைட்ரஜன், விடை 6. படத்தில் ஒரு வளையமும் ஐந்து இரட்டைப் பிணைப்பும் இருக்க வேண்டும். நான்குதான் என்றால், வளையத்துக்குள் இருப்பதை விட்டிருப்பீர்கள். வைட்டமின் சிக்கு 3: ஒரு வளையம், கார்பன்களுக்கு இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு, ஆக்சிஜனோடு ஒன்று.

பலர் தடுக்கி விழுவது டி3-இல். 27 கார்பன், 44 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் என்ற வாய்பாடு தோலில் இருக்கும் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலுக்கும் அதேதான். இரண்டுக்கும் விடை 6. ஆனால் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலில் நான்கு வளையம், இரண்டு இரட்டைப் பிணைப்பு. டி3-இல் மூன்றும் மூன்றும். மண்டபம் கரையில் வலை உலர்த்துபவரின் தோலில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு, 9, 10-ஆம் கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்து, இரண்டாவது வளையம் திறக்கிறது. பிறகு உடல் சூட்டில் மூலக்கூறு டி3-ஆக மாறுகிறது. இரண்டாவது வளையத்தை மூடி வரைந்தால் நீங்கள் வரைந்தது வைட்டமினே அல்ல.

பழக, முருங்கைக்கீரையில் உள்ள வைட்டமின் சி, உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். கீரை வெந்த தண்ணீரை வடித்தால் வைட்டமின் சி அதோடு போகும். பீட்டா கரோட்டினில் 40 கார்பன்; சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை, வகுக்கவே இடமில்லை. அது கீரையிலேயே தங்கும், உடலில் சேர ஒரு கரண்டி எண்ணெய் கேட்கும்.