98 கன அடிதானே என்று இறங்காதீர்கள்

மேட்டூருக்கு இன்று எத்தனை கன அடி வருகிறது என்று செய்தியில் கேட்டே வளர்ந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆயிரத்துக்குக் கீழே என்ன எண்ணைச் சொன்னாலும் அது தண்ணீராகவே தோன்றாது. என் மைத்துனர் பவானிக்காரர், காலிங்கராயன் வாய்க்காலில் நீந்திப் பழகியவர். அமெரிக்காவில் எங்களைப் பார்க்க வந்திருந்தபோது யூட்டா மாநிலத்தில் உள்ள சயான் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். தமிழ் பைபிளில் சீயோன் என்று வருமே, அதே பெயர்தான். அங்கே ‘நேரோஸ்’ என்று ஒரு மலையிடுக்கு இருக்கிறது. வர்ஜின் ஆற்றின் வடகிளை மணற்பாறையை அறுத்துக்கொண்டு, ஏறத்தாழ 300 மீட்டர் உயரச் சுவர்களுக்கு நடுவே ஓடுகிறது. சில இடங்களில் அகலம் 20, 30 அடிதான். பல இடங்களில் கரையே கிடையாது. ஆற்றுக்குள்தான் நடக்க வேண்டும்.

பலகையில் அன்றைய நீரோட்டம் 98 கன அடி என்று இருந்தது. “தொண்ணூத்தெட்டா? எங்க ஊரு வாய்க்கால்லயே இதைவிட அதிகமா ஓடுமுங்க மாமா” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அரை மணி நேரம் கழித்து இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

எண்ணைப் பார்த்தால் போதாது, அந்தத் தண்ணீர் எவ்வளவு அகலத்தில் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். விநாடிக்கு 150 கன அடி என்றால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று விநாடிக்குள் நிரம்பிவிடும். 30 அடி அகலத்தில் அது இரண்டடி ஆழமும் விநாடிக்கு இரண்டரை அடி வேகமுமாக ஓடும். அகலம் 20 அடியாகச் சுருங்கும் இடத்தில் அதே தண்ணீர் தொடை வரை ஏறி, வேகமும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. அதனால்தான் 150 கன அடியைத் தாண்டினால் நேரோஸை மூடிவிடுகிறார்கள். வசந்த காலத்தில் பனி உருகும்போது பல வாரம் மூடியே கிடக்கும். மேலிருந்து கீழே 26 கிலோமீட்டர் நடந்து வரும் நீண்ட பயணத்துக்கு 120 கன அடியைத் தாண்டினாலே அனுமதிச் சீட்டு தருவதில்லை.

ஆனால் ஆளைக் கொல்லும் தவறு வேறு. ‘வானம் தெளிவாத்தானே இருக்கு’ என்று அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போவது.

இடுக்குக்குள் நின்றால் தெரியும் வானம் ஒரு நாடா அளவுதான். அது நீலமாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. குற்றாலம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அருவிக்கரையில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். யூட்டா, அரிசோனா பக்கம் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே மழையைப் பிடித்துவைக்கக் காடும் மண்ணும் குறைவு. வெறும் பாறை. மொட்டைமாடியில் பெய்த மழை முழுவதும் ஒரே பைப் வழியாக இறங்குவது மாதிரி, பல மைல் பரப்பில் பெய்தது இந்த இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். நாம் நடந்துகொண்டிருப்பது அந்த பைப்புக்குள்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவில் கீழ் ஆன்டலோப் இடுக்கில் சுற்றுலாப் பயணிகள் 11 பேர் இறந்தது இப்படித்தான். மழை பெய்தது பல மைல் தள்ளி. 2015 செப்டம்பர் 14 அன்று சயானிலேயே ‘கீஹோல்’ என்ற குறுகிய இடுக்கில் இறங்கிய 7 பேரும் வெள்ளத்தில் போய்விட்டார்கள். அவர்கள் கையில் முறையான அனுமதிச் சீட்டு இருந்தது. சீட்டு கிடைத்துவிட்டால் யாரோ நமக்காக வானிலையைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். இறங்கலாமா வேண்டாமா என்ற முடிவை அந்தச் சீட்டு எடுப்பதில்லை, நாம்தான் எடுக்க வேண்டும்.

அமெரிக்க வானிலைச் சேவை சயானுக்குத் தினமும் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் சொல்கிறது: எதிர்பார்ப்பு இல்லை, வரலாம், வர வாய்ப்பு அதிகம், வரும். முதல் படி இருந்தால் மட்டும் இறங்குவது என் வழக்கம். ‘வரலாம்’ என்ற படியில் நிறையப் பேர் போய்ப் பத்திரமாகத் திரும்புகிறார்கள், உண்மைதான். இருந்தாலும் பூங்காவில் காய்ந்த தரையில் நடக்க எத்தனையோ பாதைகள் இருக்கும்போது அந்தச் சூதாட்டம் எதற்கு? ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம், பிற்பகலில்தான் பெரும்பாலும் கொட்டும். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்குப் பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அப்போதுதான்.

சரி, உள்ளே போன பிறகு எதைக் கவனிப்பது? தெளிந்த தண்ணீர் திடீரென்று டீ நிறத்துக்கு மாறுவது. சுள்ளி, இலை, பட்டை மிதந்து வருவது. மேற்புறமிருந்து கேட்கும் இரைச்சல் கூடுவது. இடிச்சத்தம். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மேடான இடத்தில் ஏற வேண்டும். பலரும் செய்வது என்னவென்றால், வந்த வழியே ஓடுவது. வெள்ளத்தை ஓட்டத்தில் ஜெயிக்க முடியாது. சில அடி உயரம் ஏறினாலும் பிழைக்க வழி உண்டு. ஏறிய பிறகு இறங்க அவசரப்படவும் கூடாது. தண்ணீர் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வடிந்துவிடும், அதுவரை பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதில் ஒரு சிக்கல். நேரோஸில் ‘வால் ஸ்ட்ரீட்’ என்று அழைக்கப்படும் மிகக் குறுகிய பகுதியில் ஏறி நிற்க மேடே கிடையாது. எல்லோரும் படம் எடுக்க நிற்பதும் அங்கேதான். அதற்குள் நுழையும் முன்பே கடைசி மேடு எங்கே இருந்தது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி காலுக்கு வருவோம். ஆற்றின் அடியில் மணல் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். இருப்பது உருண்டைக் கற்கள். உரித்த தேங்காய்களுக்கு எண்ணெய் தடவி அடுக்கியது மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் உருளும். வெறுங்கால், செருப்பு, விரல் தெரியும் சாண்டல் எதுவும் உதவாது. தண்ணீர் புகாது என்று விலை கொடுத்து வாங்கிய ஷூவும் வீண். மேலே வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வராமல் காலில் இரண்டு குடம் கட்டியதுபோல் ஆகிவிடும். விரலை மூடி, கணுக்காலைப் பிடித்து, தண்ணீரை வெளியே விடும் ஷூ வேண்டும். பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில் இதை நியோபிரீன் என்ற குளிர் தாங்கும் ரப்பர் சாக்ஸோடும் ஓர் ஆள் உயரக் கம்போடும் சேர்த்து வாடகைக்குத் தருகிறார்கள். கம்பைப் பார்த்து “நான் என்ன கிழவனா?” என்று கேட்டவர்களை அரை மணி நேரத்தில் கம்பு தேட வைத்திருக்கிறது அந்த ஆறு. மைத்துனரும் அதில் ஒருவர்.

கம்பை ஊன்றுவதிலும் முறை இருக்கிறது. தண்ணீர் வரும் பக்கத்தைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர வேண்டும். கம்பு, இரண்டு கால் என்ற மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவில் ஆழம், உள்வளைவில் மணல் மேடு. ஒடுங்கி அமைதியாகத் தெரியும் இடத்தைவிட அகன்று சலசலக்கும் இடம் பெரும்பாலும் ஆழம் குறைவு. ஆழமாகக் கடக்கும்போது பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிடுங்கள். வேகமான ஓட்டத்தில் விழுந்தால் உடனே எழுந்து நிற்கப் பார்ப்பது ஆபத்து, கல்லிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, பாதங்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்து, ஆழம் குறைந்த இடத்தில் எழலாம்.

குளிரைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெளியே பாலைவன வெயில் 38 டிகிரி அடிக்கும்போது குளிராவது ஒன்றாவது! உள்ளே வெயில் எட்டிப் பார்ப்பதே கொஞ்ச நேரம்தான், காற்றும் வீசும். ஜீன்ஸ், பருத்திச் சட்டை, சுடிதார் எல்லாம் நனைந்தால் காயாது. அணைத்துக்கொண்டே வந்து உடல் சூட்டை உறிஞ்சும். பிள்ளைகளுக்கு உதடு நீலமாகி, பேச்சு குழறினால் விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். உலர்ந்த மாற்றுடுப்பு ஒன்று பிளாஸ்டிக் பைக்குள் இருக்கட்டும்.

நேரக் கணக்கிலும் ஏமாறுகிறோம். கீழிருந்து அனுமதிச் சீட்டில்லாமல் போகக்கூடிய எல்லை பிக் ஸ்பிரிங். போக வர 15 கிலோமீட்டர்தானே என்று மூன்று மணி நேரம் ஒதுக்குவார்கள். ஓட்டத்தை எதிர்த்து நடப்பதால் எட்டு மணி நேரம் ஆகும். பூங்காவின் கடைசிப் பேருந்தை விட்டால் இருட்டில் சாலையோடு நடக்க வேண்டியதுதான். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்த வளைவு மட்டும்’ என்று யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்.

குடிதண்ணீரைச் சுமந்துகொண்டு போங்கள். ஆற்றுநீரை வடிகட்டிக் குடிக்கலாம் என்பது பழைய பேச்சு. 2020 ஜூலையில் ஒரு நாய்க்குட்டி இறந்த பிறகு அந்த ஆற்றில் நச்சுப்பாசி இருப்பது தெரியவந்தது. நாம் வாங்கும் வடிகட்டி அந்த நச்சைப் பிரிக்காது. தலையை முக்கிக் குளிப்பதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

என் சொந்தத் தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை போனபோது செல்போனை இரண்டு பைக்குள் போட்டுக் கட்டினேன், கார் சாவியைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். பொத்தான் வைத்த சாவி, ஆறு மணி நேரம் ஆற்றில். கதவு திறந்தது, வண்டி கிளம்பவில்லை. அரிசிக்குள் போட்டு வைத்தால் சரியாகிவிடும் என்றாள் மனைவி. கையில் இருந்தது மிச்சப் புளியோதரைதான்.