சைக்கிளின் கார்பன் ஃபோர்க்கில் சிக்கிய எக்ஸ்பாண்டர் பிளக்: குழாய் உடையாமல் எடுப்பது எப்படி?

முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பார் வரை ஏறும் ஸ்டீரர் குழாயின் மேல்மூடியான டாப் கேப்பைக் கழற்றியாயிற்று. உள்ளே இருக்கும் போல்ட்டும் இளகிவிட்டது. ஆனால் பிளக் அசைய மாட்டேன் என்கிறது. உடனே குறடை எடுத்து மேலே இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள்.

ஏன் என்பது பிளக்கின் அமைப்பைப் பார்த்தால் புரியும். இரும்பு, அலுமினிய ஸ்டீரர் குழாய்களில், டாப் கேப் போல்ட் பிடித்துக்கொள்ள, பற்கள் வைத்த ஸ்டார் நட்டை அடித்து இறக்கிவிடலாம். கார்பனில் அதன் பற்கள் உட்சுவரைக் கீறும் என்பதால் எக்ஸ்பாண்டர் போடுகிறார்கள். பெரும்பாலானவற்றில் நெடுக்காகப் பிளந்த ஓர் அலுமினிய உறை, அதன் அடியில் கூம்பு வடிவ ஆப்பு, இரண்டையும் கோக்கும் ஒரு போல்ட் என்று மூன்றே பாகங்கள். போல்ட்டை முறுக்க முறுக்க ஆப்பு மேலேறி உறையை விரிக்கும். திருப்பிக் கழற்றும்போது மரை மட்டுமே இளகும், ஆப்பு ஏறிய இடத்திலேயே கவ்விக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் மேலே இழுப்பது ஆப்பை இன்னும் இறுக்குவதற்குச் சமம். எனவே முதலில் கீழே தட்ட வேண்டும்.

தேவையானவை: 5, 6 மி.மீ. ஆலன் கீ, சிறிய ரப்பர் சுத்தி, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்), டார்ச், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழந்துணி.

படி 1. சைக்கிளை முன்சக்கரத்தோடு தரையில் நிறுத்துங்கள். ஸ்டாண்டில் தூக்கி மாட்டினால் ஸ்டெம்மை (ஹேண்டில்பாரை ஸ்டீரர் குழாயோடு இணைக்கும் கவ்வி) இளக்கியதும் ஃபோர்க் நழுவிக் கீழே விழும். இப்போது ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்கள் இரண்டையும் தளர்த்துங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. ஸ்டெம் வெளியிலிருந்து குழாயை நெரித்துக்கொண்டிருக்கும்வரை உள்ளே பிளக்கும் நெரிபட்டபடியேதான் இருக்கும்.

படி 2. போல்ட் தலையின் குழியில் படிந்த அழுக்கை ஊசியால் சுரண்டி எடுங்கள். அழுக்கு இருந்தால் கீ பாதிதான் இறங்கும், முனைகள் மழுங்கிவிடும். பிறகு போல்ட்டை இடப்புறமாக நான்கு சுற்று மட்டும் திருப்புங்கள். எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. என்பதால் தலை ஏறக்குறைய 4 மி.மீ. மேலே எழும்பி நிற்கும். முழுதாகக் கழற்றவே கூடாது. கழற்றினால் ஆப்பைத் தட்டுவதற்குப் பிடியே இருக்காது. பின்னால் அது தானாக விடுபட்டாலும் குழாயின் அடிக்குப் போய்விடும்.

தலை எழும்பாமல் ஒரே இடத்தில் சுற்றுகிறதா? ஆப்பும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. தலையைக் குறடால் மேல்நோக்கி லேசாக இழுத்துப் பிடித்தபடி திருப்புங்கள். ஆப்பு உறையில் கவ்வி நிற்க, மரை கழலும். குறடால் மேலே இழுக்கலாம் என்பது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

படி 3. ஆலன் கீயைக் குழியில் நேராக நிறுத்தி, அதன் தலையில் சுத்தியால் தட்டுங்கள். ஆணி அடிக்கிற வேகம் வேண்டாம், தேங்காயைத் தட்டிப் பார்க்கிற அளவு போதும். மூன்று நான்கு தட்டில் 'டொக்' என்று சத்தம் மாறி, எழும்பி நின்ற தலை உறையோடு போய்ப் படியும். ஆப்பு இறங்கிவிட்டது. பிளக்கின் விளிம்பை விரலால் பிடித்துத் திருகியபடியே மெதுவாக மேலே எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் மறுபடி சிக்கும். சிக்கினால் மறுபடி தட்டுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் வியர்வை இறங்கி அலுமினியம் பூத்துப்போயிருக்கும். ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஓர் இரவு வைத்துவிட்டுத் தட்டுங்கள். ஹீட் கன், ப்ளோ டார்ச் நெருப்பு எதுவும் கூடாது. கார்பன் இழைகளைப் பிடித்து வைத்திருப்பது எபாக்ஸி பிசின். சூட்டில் அது இளகிவிடும். 5 மி.மீ. குழி மழுங்கியிருந்தால் நட்சத்திர முனையுள்ள டி30 டார்க்ஸ் பிட்டை லேசாகத் தட்டி இறக்கித் திருப்பிப் பாருங்கள். அதுவும் வழுக்கினால் அடுத்தது போல்ட் தலையைத் துளையிடுவதுதான். புதியவர்கள் அதில் கை வைக்க வேண்டாம், ட்ரில் பிட் ஒரு நொடி சறுக்கினாலும் ஃபோர்க் போய்விடும். சில ஃபோர்க்குகளில் உறையைப் பசை போட்டே ஒட்டியிருப்பார்கள். அதைத் தட்டி எடுக்கக் கூடாது. தயாரிப்பாளரின் கையேட்டை முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 4. குழாயின் உட்புறத்தை ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக் இருந்த இடத்தில் மங்கிய வளையத் தடம் இருந்தால் பயமில்லை. நகத்தில் தட்டுப்படும் கோடு, பிரிந்து நிற்கும் இழை, வெளிப்பக்கம் புடைப்பு, இதில் எது இருந்தாலும் அந்த ஃபோர்க்கில் ஓட்டக் கூடாது.

திரும்ப மாட்டும்போது பிளக்குக்கு கிரீஸ் வேண்டாம். போல்ட் மரைக்கும் ஆப்பின் சரிவுக்கும் மட்டும் துளி தடவினால் அடுத்த முறை சிக்காது. ஸ்டெம் கவ்வும் உயரம் முழுவதற்கும் உள்ளே பிளக் இருக்க வேண்டும். குழாய் நசுங்காமல் காப்பது அதுதான். இறுக்கும் அளவு பிளக்கிலேயே பொறித்திருக்கும், அதை டார்க் ரெஞ்சில் வைத்து முறுக்குங்கள். பிறகு டாப் கேப்பை ஃபோர்க்கின் ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்கி, கடைசியாக ஸ்டெம் போல்ட்களை அதில் எழுதியிருக்கும் அளவுக்கு மாற்றி மாற்றி இறுக்குங்கள்.