பிரிண்டருக்கு கலர் புரொஃபைல் போடும்போது கோட்டை விடும் இடம்

திரையில் பார்த்த சாம்பல் நிறம் தாளில் லேசாகப் பச்சையடித்து வருகிறதா? அந்தத் தாளுக்கென்றே ஒரு ஐசிசி புரொஃபைல் (உங்கள் பிரிண்டர் அந்தத் தாளில் நிறங்களை எப்படித் தருகிறது என்று சொல்லும் கோப்பு) போட்டுவிடுங்கள். சில நூறு வண்ணக் கட்டங்களை அச்சடித்து, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற நிறமளக்கும் கருவியால் அளந்து, அந்த எண்களை மென்பொருளுக்குக் கொடுக்கவேண்டும். அப்படி ஒரு மென்பொருளான ஆர்கில் சிஎம்எஸ் இலவசமாகவே கிடைக்கிறது. கட்டளை வரியில் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாலும் தப்பு நடப்பது அளக்கும்போது அல்ல, அச்சடிக்கும்போது. கட்டங்களை அச்சிடும்போது கலர் மேனேஜ்மென்ட் (நிறங்களைத் தானாகத் திருத்தும் வசதி) முழுக்க அணைந்திருக்க வேண்டும், அச்சிடும் செயலியிலும் பிரிண்டரின் டிரைவர் மென்பொருளிலும். ஒன்றில் அணைத்துவிட்டு இன்னொன்றை மறந்தால், ஏற்கெனவே திருத்தப்பட்ட நிறத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். அச்சின் அளவை 100 சதவீதத்திலேயே வையுங்கள். "பக்கத்துக்குப் பொருத்து" என்பதைத் தொடவே வேண்டாம்.

அச்சானதும் அவசரப்படாதீர்கள். மை ஈரம் காயக் காய நிறம் நகரும். நான் ஒரு இரவு விட்டுவிடுவேன். அளக்கும்போது அடியில் அதே தாளில் அச்சடிக்காத நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் என்றால் மேசையின் நிறம் ஊடுருவி அளவைக் கெடுக்கும். ஒரு கட்டம் சந்தேகமாகத் தெரிந்தால் அந்த வரிசையை மட்டும் மறுபடி அளந்தால் போதும்.

எந்த மீடியா வகை (டிரைவரில் தேர்ந்தெடுக்கும் தாள் வகை), எந்தத் தரத்தில் அச்சடித்தீர்களோ, அதையே புரொஃபைல் பெயரிலும் எழுதிவையுங்கள். தாளோ மையோ மாறினால் அந்தப் புரொஃபைல் செல்லாது. நிஜப் படத்தை அச்சிடும்போது புரொஃபைலைச் செயலியில் தேர்ந்தெடுத்து, டிரைவரின் திருத்தத்தை அணைத்தே வையுங்கள்.