தோல் புற்றுநோய் சார்ட்டுக்குக் கோட் போடுவது எப்படி? புதிய மெடிக்கல் கோடர்களுக்கு

மெடிக்கல் கோடிங் என்பது நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான கோடாக மாற்றும் வேலை. மதுரையில் அந்த வகுப்பை முடித்துவிட்டு முதன்முதலாக லைவ் சார்ட்டில், அதாவது உண்மையான நோயாளியின் மருத்துவப் பதிவில், உட்காருகிறவர்களுக்கு டெர்மட்டாலஜி (தோல் மருத்துவம்) சுலபமாகத் தெரியும். நோட் இரண்டு பக்கம்தான். ஆனால் ஆடிட்டில் மார்க் போவதும் இங்கேதான். 'கார்சினோமா' (ஒரு வகைப் புற்றுநோய்) என்ற சொல் கண்ணில் பட்டதும் கை தானாகக் கோடைத் தேடப் போய்விடுகிறது. அதை அடக்கினாலே பாதித் தப்பு குறையும்.

கீழே உள்ள நோய்க் கோடுகள் அமெரிக்க ஐசிடி-10-சிஎம் பட்டியலில் உள்ளவை. முதல் எழுத்தையும் தமிழிலேயே எழுதியிருக்கிறோம் (C-க்கு சி, D-க்கு டி, L-க்கு எல், Z-க்கு இசட்). இவை ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 1 அன்று மாறும். நோயாளி பார்க்கப்பட்ட தேதிக்கு உரிய பதிப்பைத் திறந்துகொள்ளுங்கள்.

படி 1: டாக்டர் நோட்டுக்கு முன் பேத்தாலஜி ரிப்போர்ட்

பேத்தாலஜி ரிப்போர்ட் என்பது எடுத்த திசுவை லேபில் பார்த்து எழுதும் அறிக்கை. அதன் மேல்பகுதியில் 'கிளினிக்கல் ஹிஸ்டரி' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'ரூல் அவுட் பேசல் செல் கார்சினோமா' என்று இருந்தால், அது சாம்பிளை அனுப்பிய டாக்டரின் சந்தேகம், முடிவு அல்ல. கோட் எடுக்க வேண்டியது 'ஃபைனல் டயக்னோசிஸ்' வரியிலிருந்து மட்டும்.

அவுட்பேஷன்ட் சார்ட்டில் 'சஸ்பெக்டட்', 'ப்ராபபிள்', 'கன்சிஸ்டன்ட் வித்' என்று எழுதிய நோயை உறுதியான நோயாகக் கோட் செய்யக் கூடாது. இன்பேஷன்ட்டில் விதி வேறு. டிஸ்சார்ஜ் நேரத்திலும் 'ப்ராபபிள்' என்றே இருந்தால் அதை இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பயாப்ஸி (சோதனைக்கான திசு) எடுத்தாகிவிட்டது, ரிப்போர்ட் வரவில்லை, நோட்டில் 'நியோபிளாசம்' (கட்டி) என்று மட்டும் இருக்கிறது என்றால் டி49.2. இங்கே டி48.5 போடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. 'அன்சர்ட்டன் பிஹேவியர்' என்பது நமக்குத் தெரியவில்லை என்பதல்ல. திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பேத்தாலஜிஸ்ட்டே நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை என எழுதினால் மட்டுமே டி48.5.

படி 2: எந்தக் குடும்பம்?

மெலனோமா சி43. பேசல் செல், ஸ்குவாமஸ் செல் இரண்டும் சி44. மெர்க்கெல் செல் சி4ஏ. வேறு உறுப்பின் புற்று தோலுக்குப் பரவியிருந்தால் சி79.2.

'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்று படித்ததும் நின்றுவிடாதீர்கள். அடுத்த சொல் 'இன் சைட்டு' (தோலின் மேல் அடுக்கைத் தாண்டாதது) என்றால் சி44 இல்லை, டி04. 'போவென்ஸ் டிசீஸ்' என்று எழுதியிருந்தாலும் டி04தான். மெலனோமா இன் சைட்டுவுக்கு டி03. ஆக்டினிக் கெரட்டோசிஸ் (வெயிலால் தோலில் வரும் சொரசொரப்பான திட்டு) புற்றுநோயே அல்ல, எல்57.0.

படி 3: இடமும் பக்கமும்

முதல் எழுத்தையும் சேர்த்து எண்ணினால், சி44-இல் நான்காம் இலக்கம் உடலின் இடம், ஐந்தாவது புற்றின் வகை: 1 பேசல், 2 ஸ்குவாமஸ். மூக்கில் பேசல் செல் என்றால் சி44.311. கன்னத்தில் என்றால் சி44.319.

கைகால்களில் ஒரு கண்ணி இருக்கிறது. வலது காலில் பேசல் செல் சி44.712, இடது கால் சி44.719. கடைசியில் 9 வந்தால் 'மற்றவை' என்றே பழகிய கண்ணுக்கு இது இடது என்று தோன்றாது. பக்கம் குறிப்பிடாததற்கு சி44.711. மெலனோமாவில் கணக்கு வேறு: வலது கால் சி43.71, இடது சி43.72.

உதட்டில் இன்னொரு சிக்கல். உதட்டுத் தோல் என்றால் சி44.0 வரிசை. சிவந்த ஓரப் பகுதி, அதாவது வெர்மிலியன் பார்டர் என்றால் சி00. 'லிப்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் டாக்டருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். "வெர்மிலியன் பார்டர்தானே?" என்று பதிலை வாயில் ஊட்டக் கூடாது. "புண் உதட்டின் எந்தப் பகுதியில் என்று குறிப்பிடவும்" என்று திறந்த கேள்வியாக இருக்க வேண்டும்.

பெரியாஸ்பத்திரி போன்ற நம்மூர் இடங்களின் கேஸ் ஷீட்டை வைத்துப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-இல் கோட் நான்கு இலக்கத்தோடு நின்றுவிடும். மேலூர் விவசாயி ஒருவருக்கு வலது உள்ளங்காலில் மெலனோமா என்றால் அதில் சி43.7, அவ்வளவுதான். அமெரிக்கப் பதிப்பில்தான் சி43.71. ஒன்றைப் பார்த்து மற்றதில் எழுதினால் ரிஜெக்ட்தான்.

படி 4: வெட்டி எடுத்த அளவு

எக்சிஷனுக்கு (கட்டியை வெட்டி எடுப்பதற்கு) சிபிடி கோட், அதாவது சிகிச்சை முறைக்கான கோட், போடும்முன் ரிப்போர்ட் வரட்டும். முகத்தில் கட்டி புற்று என்றால் 11640 வரிசை, சாதாரணக் கட்டி என்றால் 11440 வரிசை. அதைத் தீர்மானிப்பதே ரிப்போர்ட்தான்.

அளவு என்பது கட்டியின் அதிகபட்ச விட்டமும், இரண்டு பக்கமும் விட்ட மார்ஜினும் (கட்டியைச் சுற்றிச் சேர்த்து வெட்டும் நல்ல தோல்) சேர்ந்தது. மூக்கில் 0.6 செ.மீ. கட்டி, சுற்றிலும் 0.4 செ.மீ. மார்ஜின் என்று வையுங்கள். 0.6 + 0.4 + 0.4 = 1.4. முகத்தில் 1.1 முதல் 2.0 வரை 11642. மார்ஜினை ஒரே பக்கம் கூட்டினால் 1.0 வரும், 11641-க்கு இறங்கிவிடும், பணம் குறையும்.

இந்த அளவை டாக்டர் வெட்டுவதற்கு முன் எடுத்து நோட்டில் எழுதியிருக்க வேண்டும். பேத்தாலஜி ரிப்போர்ட்டில் உள்ள அளவை எடுக்காதீர்கள். வெட்டியதும் தோல் சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும். படி 1-இல் ரிப்போர்ட்தான் ராஜா, அளவில் மட்டும் டாக்டர் நோட்டுதான். சாதாரணத் தையலுக்குத் தனிக் கோட் கிடையாது, எக்சிஷனிலேயே அடக்கம்.

படி 5: இப்போதைய நோயா, பழைய கதையா?

கட்டியை முழுதாக எடுத்தாகிவிட்டது, சிகிச்சை எதுவும் நடக்கவில்லை, நோய் இருப்பதற்கான அடையாளமும் இல்லை என்றால் சி கோட் போடக் கூடாது. மெலனோமாவுக்கு இசட்85.820, பேசல், ஸ்குவாமஸ் வகைகளுக்கு இசட்85.828. நோட்டில் 'ஹிஸ்டரி ஆஃப்' என்று எழுதிவிட்டு, மார்ஜின் பாசிட்டிவ் (வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சம்) என்பதால் அதே இடத்தை மறுபடி வெட்டுகிறார்கள் என்றால் சிகிச்சை இன்னும் முடியவில்லை. அந்தச் சார்ட்டுக்கு சி கோடேதான்.