‘நெல்லை’ என்று அடித்துப் பாருங்கள்: டிசைன் மென்பொருளில் தமிழ் உடைந்தால்

ஒரு டிசைன் மென்பொருளுக்குத் தமிழ் தெரியுமா என்று சோதிக்க நம் ஊர்ப்பெயரே போதும். ‘நெல்லை’ என்று அடியுங்கள். ஒற்றைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு இரண்டும் அதில் இருக்கின்றன. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில், முதலில் ந, அதற்குப் பிறகுதான் கொம்பு என்று கணினி சேமிக்கிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும், இல்லையென்றால் புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸில் ‘கோயில்’, ‘கொடை’ இரண்டுமே கெட்டுப்போவது இதனால்தான். பத்து ஃபாண்டை மாற்றிப் பார்த்தாலும் சரியாகாது.

2022-க்கு முந்தைய போட்டோஷாப் பதிப்புகளில் எடிட், பிரிஃபரன்சஸ், டைப் என்று போய் ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடுங்கள். அவற்றிலும் பழைய சிலவற்றில் அதன் பெயர் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’. மூடித் திறந்து, புது ஃபைலில் அடித்துப் பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் அதே டைப் பக்கத்தில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ டிக் செய்து, பாராகிராஃப் பேனல் மெனுவில் சவுத் ஏசியன் கம்போசரை எடுக்க வேண்டும். இன்டிசைனில் அந்த மெனுவிலேயே ‘வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசர்’ இருக்கும். பேஜ்மேக்கரில் தேட வேண்டாம், அதற்கு யூனிகோடே தெரியாது.

அதனால்தான் பாமினி போன்ற பழைய ஃபாண்டுகள் இன்னும் அச்சகங்களில் உயிரோடு இருக்கின்றன. அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்தவை. அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகம் யூனிகோடு. அதை ஒட்டிவிட்டுப் பாமினியைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் மாறாது, யூனிகோடைப் பாமினியாக்கும் கன்வர்ட்டரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மாற்றும்போது மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர்களைத் தனியே எடுத்து வையுங்கள். பாமினி ஃபாண்டில் அவையும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும்.

பாமினியில் அடிக்கும்போது மைக்ரோசாஃப்ட் வேர்டு வைக்கும் பொறி ஒன்று உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. ‘அம்மன்’ என்று அடித்தது ‘ஆம்மன்’ என்று பிளக்ஸ் தட்டியில் ஏறும். ஆட்டோகரெக்ட்டில் அந்த டிக்கை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எழுத்து சரியாக நின்றபின் வரி இடைவெளி. மென்பொருள் தானாக வைக்கும் 120 சதவீதம் ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’யை இடிக்கும், 140 முதல் 150 வரை கொடுங்கள். டிராக்கிங், அதாவது எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி, பூஜ்யம்தான். எழுத்துகளை விலக்கினால் காலும் கொம்பும் தனித்தனியே போய்விடும். போல்டு இல்லாத ஃபாண்டுக்கு, மென்பொருளே தடிப்பாக்கிக் காட்டும் பொய்போல்டு போடாதீர்கள், ‘ண’, ‘ழ’ சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும். முகூர்த்த நேரம் சிறிய எழுத்தில் வரும் கல்யாணப் பத்திரிகையில் இது நன்றாகவே தெரியும்.

பத்திரிகைக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. எழுத்தின் கருப்பு, கருப்பு மை மட்டும் 100 சதவீதமாக இருக்கட்டும். திரைக்கான ஆர்ஜிபி நிற முறையில் போட்ட கருப்பை, அச்சுக்கான நாலு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் நாலு மையும் கலந்துவிடும். பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்துக்குச் சாயல் அடிக்கும். பிளக்ஸுக்கு அவ்வளவு வேண்டாம். 10க்கு 8 அடி தட்டிக்கு 72 டிபிஐ போதும், அதாவது 8640க்கு 6912 பிக்சல். அதற்கு மேல் போனால் ஃபைல்தான் கனக்கும்.

சிவகாசிக்கோ ஜங்ஷன் பக்கத்து பிளக்ஸ் கடைக்கோ அனுப்புமுன் எழுத்தைக் கோடாக்கிவிடுங்கள், அதாவது ஃபாண்டு தேவைப்படாத உருவமாக்கிவிடுங்கள்: கோரல்டிராவில் கண்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. கோடாக்காத ஃபைலை வேறொரு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கு முந்தின நாள் ராத்திரி, கொடைக்கு வரி கொடுக்கும் வரிதாரர் பட்டியலில் ஒரு இனிஷியல் தப்பு என்று போன் வரும்.