பிட்ஸ்பர்க் போகும் நெல்லைக்காரர்களுக்கு: வண்டி எடுக்கும் முன்

பாளையங்கோட்டையிலிருந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்குக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்கள் குளிரைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். குளிருக்கு நல்ல கோட்டு வாங்கினால் தீர்ந்தது. வண்டி ஓட்டப் போகிறவர்கள் விசாரிக்க வேண்டியது ரோட்டை.

அலகெனி, மொனாங்கஹேலா என்ற இரண்டு ஆறுகள் அங்கே கூடி ஒஹையோ ஆறாகப் போகின்றன. சுற்றிலும் மேடும் பள்ளமும்தான். 446 பாலங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏற்ற இறக்கம் பெரிய விஷயமில்லை. பீச்வியூவில் உள்ள கேன்டன் அவென்யூவின் சரிவு மட்டும் 37 சதவீதம்; வேடிக்கை பார்க்கப் போகலாம், ஓட்டிப் பழக அது இடமில்லை. இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் முன்சக்கரத்தை நடைபாதை ஓரமாகத் திருப்பி வையுங்கள். ஓரக்கல் உள்ள இடத்தில் ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் ரோட்டுப் பக்கமாக. ஹேண்ட் பிரேக் இரண்டுக்கும் உண்டு.

பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. பனிக்காலத்தில் ரோட்டில் கிடக்கும் ஈரம் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். பார்க்கிறவருக்கு, ‘ரோடு சும்மா ஈரமாத்தான கெடக்கு’ என்றுதான் தோன்றும். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று வீசுவதால் தரைரோட்டுக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். ஆகவே இதுவரை நன்றாக வந்த வண்டி பாலத்தில் ஏறியதும் வழுக்கலாம். பிரேக்கைப் பதறி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசைக்கு ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்திருந்தால் இந்த வித்தையெல்லாம் தேவைப்படாது.

அதே தண்ணீர் விரிசலுக்குள் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, பிப்ரவரி, மார்ச்சில் ரோட்டைக் குண்டும் குழியுமாக்கிவிடும். நமக்குக் குழி புதிதில்லை. அங்கே போகும் வேகத்தில் குழியில் விழுவதுதான் புதிது. டயர் வெடித்து, ரிம்மும் வளைந்துபோகும். 2022 ஜனவரி 28 அன்று ஃபெர்ன் ஹாலோ பாலம் பஸ்ஸோடு இடிந்து விழுந்தது, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. தண்ணீர் வடியாமல் தேங்கி இரும்பு துருப்பிடித்ததையும், தெரிந்தும் பராமரிக்காமல் விட்டதையும் விசாரணை சுட்டிக்காட்டியது.

கோடைமழையிலும் கவனம் வேண்டும். 2011 ஆகஸ்டில் வாஷிங்டன் பொலிவார்டில் திடீர் வெள்ளம் வந்து நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே வெள்ளம் வந்தால் ரோட்டை அடைக்கும் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். டவுன்டவுன் ஓரம் பார்க்வே ஈஸ்ட் நெடுஞ்சாலை தாழ்ந்து போகும் இடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘பாத்டப்’. மொனாங்கஹேலா பெருகினால் அதை மூடிவிடுவார்கள். கரையோர ‘மான் வார்ஃப்’ (மொனாங்கஹேலாவின் சுருக்கம்தான் ‘மான்’) பார்க்கிங்கும் நம் குறுக்குத்துறை முருகன் கோயிலும் ஒரே ரகம், ஆறு ஏறினால் முதலில் மூழ்குபவை. மழை அறிவிப்பு இருக்கும் நாளில் காரை அங்கே விடாதீர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களிடம் ‘முட்டளவு தண்ணிதான’ என்று இறங்கக் கூடாது எனத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏர்போர்ட்டிலிருந்து வருபவர்களை ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதை நேராகப் பாலத்தில் கொண்டுவிடும். நெல்லை ஜங்ஷனில் இருப்பது போல ஈரடுக்குப் பாலம், நகரத்துக்குள் போவது மேல்தளத்தில். சுரங்கத்தை விட்டதும் ஊர் மொத்தமும் கண்முன் விரியும். ரசிப்பதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள், ஏனென்றால் பாலத்தின் நீளத்துக்குள்ளேயே சரியான லேனைப் பிடித்தாக வேண்டும். தவறிவிட்டால் குறுக்கே வெட்டாமல் போகிற போக்கில் போய்த் திரும்பி வாருங்கள்.

சிக்னல் பச்சையானதும் எதிர்ப்பக்கத்து முதல் கார் (அங்கே ஓட்டுவது வலப்பக்கம்) உங்களுக்கு முன்னால் குறுக்கே சட்டென்று இடப்பக்கம் திரும்பலாம். சட்டம் அதை ஏற்காது, ஊர் வழக்கம் ஏற்றுக்கொள்ளும். நீங்கள் ஒரு நொடி பொறுங்கள், ஆனால் அதைச் செய்யப் பழகாதீர்கள். பனி பெய்த பிறகு தெருவோரக் காலியிடத்தில் ஒரு பழைய நாற்காலி கிடந்தால், பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடித்த கதைதான். அந்த இடத்தை எடுக்க உரிமை இருந்தாலும் எடுக்காமல் போவதே நல்லது. பனியை வாரி அந்த இடத்தைச் சுத்தம் செய்தவர் மேல்மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழுது சாயும் நேரத்தில் மான்கள் குறுக்கே வரும். ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்றும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஒடிக்காமல் பிரேக் போடுங்கள்.

அப்புறம் சட்டம். வைப்பர் ஓடினால் ஹெட்லைட்டும் எரிய வேண்டும். ஸ்கூல் பஸ்ஸில் சிவப்பு விளக்கு மின்னினால் பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். நடுவே தடுப்புள்ள ரோட்டில் எதிர்ப்பக்கத்தாருக்கு மட்டும் விலக்கு. காரின் கூரையில் சேர்ந்த பனியைத் தள்ளிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி கோயிலுக்கு நகரத்திலிருந்து பார்க்வே ஈஸ்ட்டில் போகிறவர்கள் ஸ்குவிரல் ஹில் சுரங்கத்தைத் தாண்ட வேண்டும். சுரங்க வாயில் வந்ததும் காரணமே இல்லாமல் எல்லாரும் பிரேக் போடுவார்கள். புரட்டாசி சனிக்கிழமை என்றால் அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.