பனையிலிருந்து விழுந்தவரைத் தூக்குவதற்கு முன்

வன்னியில் பனையேறுபவர் தவறி விழுந்தால், ஓடிவருபவர்கள் பதற்றத்தில் அவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றிவிடுவதுண்டு. அந்த நல்லெண்ணமே பெருந்தீங்காகிவிடலாம். மூளையும், முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புவடமான முண்ணாணும் சேர்ந்ததே மைய நரம்புத் தொகுதி. மூளையின் அடியிலிருந்து முள்ளந்தண்டின் நடுவே இடுப்புக்குச் சற்று மேல்வரை இறங்கும் முண்ணாண், வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமும் சுண்டுவிரலளவு தடிப்புமே கொண்டது. அதிலிருந்து பிரியும் 31 சோடி நரம்புகள் மூளையின் கட்டளைகளை உடலுக்கும், உடலின் உணர்வுகளை மூளைக்கும் கடத்த உதவுகின்றன. முள்ளென்பு முறிந்திருக்கையில் உடலை வளைத்தால், உடைந்த எலும்பு இந்த மென்மையான இழையத்தை நசுக்கக்கூடும். நசுங்கிய முண்ணாண் எலும்பைப்போல மீண்டும் பொருந்துவதில்லை.

ஆகவே அவரை அசைக்காமல், தலையை இருபுறமும் கைகளால் தாங்கிக்கொண்டு, விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். கால்கள் மட்டும் அசையாவிடில் சேதம் நெஞ்சுப்பகுதியிலோ அதற்குக் கீழோ இருக்கலாம். கைகளும் அசையாவிடில் கழுத்தைச் சந்தேகித்து, மூச்சுக்குரிய நரம்புகளும் அங்கிருந்தே புறப்படுவதால், மூச்சைத் தொடர்ந்து கவனியுங்கள். விரல்கள் அசைந்தாலும் எழுப்பி உட்காரவைக்க வேண்டாம்.

1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். வாகனம் வரமுடியாத காட்டுப்பாதையாயின் மட்டும், நால்வர் சேர்ந்து, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி ஒன்றாகப் புரட்டி, பலகையிலோ கழற்றிய கதவிலோ கிடத்துங்கள்; சாக்கு நடுவில் தொய்யும், உதவாது.